ரிசப்ஷன் பார்ட்டிக்கு யார் துட்டு? வேலூர்ப் பக்கத்துக்கு ஒரு வழிகாட்டி

கல்யாண வேலையைப் பிரிக்கும்போது பத்திரிகை வைக்க ஒருவர், பந்தி பார்க்க ஒருவர், மொய் எழுதக் கையெழுத்து நன்றாக இருக்கிற ஒருவர் என்று பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிப்பார்கள். ஒரு வேலையை மட்டும் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. எல்லாம் பேசி முடிந்து, மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போகும்போது காதோடு சொல்வார்: "அந்தப் பசங்க விஷயத்த நீ பாத்துக்கப்பா." மாப்பிள்ளையின் நண்பர்களுக்கு ஊற்றுகிற சரக்குப் பார்ட்டிதான் அந்த விஷயம். அந்த 'நீ' இந்த வருடம் நீங்களாக இருந்தால் மேலே படியுங்கள்.

காட்பாடி, சத்துவாச்சாரி, குடியாத்தம், ஆற்காடு என்று ஏழெட்டுக் கல்யாணங்களில் இந்த வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. இரண்டில் நன்றாகவே சொதப்பினேன். இரண்டிலும் சரக்கு குறையவில்லை, யாரும் விழுந்து புரளவும் இல்லை. துட்டு யாருடையது, எங்கே நிற்கும் என்பதை முன்கூட்டிப் பேசாமல் விட்டதுதான் தப்பு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊற்றாமலே ஒரு கல்யாணத்தை நடத்தலாம். மேல்விஷாரத்திலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் எத்தனையோ கல்யாணங்கள் பிரியாணியும் தாள்சாவும் கத்திரிக்காய்த் தொக்குமாகச் சொட்டுச் சரக்கு இல்லாமல் ஜோராக முடிகின்றன. மாப்பிள்ளை வேண்டாம் என்று சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள். நண்பர்கள் நாலு நாள் முணுமுணுத்துவிட்டு மறந்துவிடுவார்கள்.

முதல் வேலை: மண்டபத்தைக் கணக்கிலிருந்து எடுங்கள்

கல்யாண மண்டபத்துக்குள் மது பரிமாற அனுமதி கிடையாது. 2023-இல் எஃப்.எல்.12 என்று ஒரு சிறப்பு உரிமம் கொண்டுவந்தார்கள். முதலில் வந்த அறிவிப்பில் கல்யாண மண்டபமும் இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே மண்டபத்தை எடுத்துவிட்டு, தேசிய, சர்வதேச மாநாடு, விளையாட்டுப் போட்டி என்று சுருக்கிவிட்டார்கள். சொந்தத்தில் ஒரு சித்தப்பா அந்த முதல் செய்தியை மட்டும் படித்துவிட்டு, "இப்ப எல்லாம் பர்மிஷன் உண்டுப்பா, துட்டு கட்டுனா போதும்" என்பார். அவரை நம்பி மண்டப மேனேஜரிடம் போய்க் கேட்டு அசிங்கப்படாதீர்கள்.

மணமகன் அறை, மண்டபத்தின் பின்பக்கம், பார்க்கிங்கில் நிற்கிற காரின் டிக்கி எல்லாம் இதில் அடக்கம். டிக்கிப் பார்ட்டி எல்லாக் கல்யாணத்திலும் நடக்கிறது, எனக்கும் தெரியும். மண்டபத்துக்குக் கட்டிய அட்வான்ஸில் பிடித்தம் செய்வதற்கு மேனேஜருக்குக் கிடைக்கும் முதல் சாக்கும் அதுதான். போலீஸ் வந்தால் வழக்கு 1937-ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் வரும். ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1939-இல் நம் வட ஆற்காட்டுக்கு வந்தது. நடுவில் எத்தனையோ முறை மாறி, கடைசியில் கடையே அரசாங்கத்தின் கைக்குப் போய்விட்டது. ஆனால் சட்டத்தின் பெயரில் அந்த 1937 அப்படியே நிற்கிறது.

ஆகவே இடம் இரண்டுதான். உரிமம் உள்ள ஹோட்டல் பார், இல்லாவிட்டால் யாராவது ஒருவருடைய சொந்த வீடு.

தேதியைப் பாருங்கள்

நம் பக்கம் தை மாதம்தான் முகூர்த்தம் குவியும். கடைக்கு லீவு குவிவதும் அதே தையில்தான். திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், தைப்பூசத்தன்று வள்ளலார் நினைவு நாள் என்று மூன்று. வருடத்தின் மற்ற நாட்களில் மகாவீர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், மிலாடி நபி, காந்தி ஜெயந்தி. அன்றைக்கு டாஸ்மாக் மட்டுமல்ல, ஹோட்டல் பாரும் மூடியிருக்கும். தேர்தல் காலம் என்றால் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரமும், எண்ணிக்கை நாளும் சேரும். மற்ற நாட்களில் டாஸ்மாக் பகல் 12 முதல் இரவு 10 வரை.

முகூர்த்தம் 27-ஆம் தேதி காலை என்றால் ரிசப்ஷன் 26 சாயங்காலம். ஹோட்டலில் அட்வான்ஸ் கட்டிவிட்டு அப்புறம் காலண்டரைப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். அந்த மாதிரி நாளில் 'பிளாக்'கில் வாங்குகிற யோசனை வந்தால் தலையைத் தட்டிக்கொள்ளுங்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தில் 60 பேருக்கு மேல் செத்தார்கள். பார்ட்டியை இரண்டு நாள் தள்ளி வைத்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

தலையை எண்ணுங்கள்

600 பத்திரிகை அடித்திருக்கிறீர்களே என்று பயப்பட வேண்டாம். அதில் பார்ட்டிக்கு வரப்போகிறவர்கள் 40 பேர் இருந்தால் அதிகம். கிரிக்கெட் டீம், காலேஜ் செட், ஆபீஸ் செட், மாமன் மச்சான் என்று நாலு கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒருவரைப் பிடித்து எண்ணிக்கை கேளுங்கள். பெயரோடு கேளுங்கள். "ஒரு பத்துப் பேரு வருவாங்கடா" என்பது எண்ணிக்கை ஆகாது. 21 வயது ஆகாத தம்பிகள் பட்டியலில் இருந்தால் சட்டப்படியே அடித்துவிடலாம், அவனிடம் முகம் முறிக்க வேண்டியதில்லை.

அளவு எளிது. குவாட்டர் என்பது 180 மில்லி, 60 மில்லி பெக் மூன்று. ஃபுல் 750 மில்லி, பன்னிரண்டு பெக் போக அரை பெக் மிஞ்சும். பீர் 650. ஆளுக்கு ஒரு குவாட்டர் அல்லது இரண்டு பீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 28 பேர் பிராந்தி, 12 பேர் பீர் என்றால் ஏழு ஃபுல், 24 பீர். அதற்கு மேல் குடிக்கிறவன் எப்போதும் இருப்பான். அவனைச் சமன் செய்கிற மாதிரி ஒரு பெக்கை இரண்டு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு கதை பேசுகிறவனும் இருப்பான்.

யாருடைய துட்டு

இதைத்தான் உட்கார்ந்து பேச வேண்டும். தொகையை விட, அது எந்தப் பையிலிருந்து வருகிறது என்பதுதான் பின்னால் வம்பாகும்.

மொய்ப் பணத்தைத் தொடாதீர்கள். பார்ட்டிக்கு நடுவில் துட்டு குறைந்தால், மஞ்சள் பையோடு உட்கார்ந்திருக்கிற அத்தையிடம் போய் "ஒரு பத்தாயிரம் குடு அத்த, காலைல தரேன்" என்று கேட்கத் தோன்றும். மொய் என்பது நம் பக்கத்தில் கடன். எழுதியவர் வீட்டு விசேஷத்துக்கு அதே தொகையோ கூடவோ வைத்துத் திருப்ப வேண்டும். நோட்டில் உள்ள கூட்டலும் பையில் உள்ள பணமும் மறுநாள் இடித்தால், அந்தப் பத்தாயிரம் எங்கே போனது என்பது இரண்டு வீட்டுப் பெண்களுக்கும் தெரிந்துவிடும். அடுத்த இருபது வருடம் அதைப் பேசுவார்கள்.

பெண் வீட்டார் தலையில் எழுதாதீர்கள். "ரிசப்ஷன் செலவு பாதிப் பாதி" என்று பேசியிருந்தாலும் அதில் சரக்குச் சேராது. மாமனார் தானாக முன்வந்து தந்தால்கூட, "பரவால்ல மாமா, நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லிவிடுவது மாப்பிள்ளைக்கு நல்லது.

மிச்சம் இருப்பது மாப்பிள்ளையின் சொந்தப் பணம், தாய்மாமனோ அக்கா வீட்டுக்காரரோ ஏற்றுக்கொள்வது, நண்பர்கள் பங்கு போடுவது. மூன்றும் கலந்து வருவதுதான் வழக்கம். மாமன் தருகிறார் என்றால் தொகையை முன்கூட்டியே கையில் வாங்கிவிடுங்கள். "எல்லாம் நான் பாத்துக்கறேன் மாப்ள" என்கிற மாமன் பில் வரும் நேரத்தில் மேடையில் ஃபோட்டோவுக்கு நின்றுகொண்டிருப்பார். நண்பர்கள் பங்கு என்றால், ஃப்ளெக்ஸ் பேனருக்கு வசூல் செய்த குரூப்பிலேயே இதையும் வசூலிக்காதீர்கள். எது பேனர், எது பார்ட்டி, யார் கொடுத்தான், யார் பாக்கி என்று ஜிபே பட்டியலைப் பார்த்து மண்டை காய்ந்த அனுபவம் எனக்கு உண்டு.

பில் கட்டும் வழிகள்

அமெரிக்காவில் இருக்கிற எங்கள் பெரியப்பா மகன் கல்யாணம் பேசும்போது, "ஓபன் பாரா, கேஷ் பாரா?" என்று கேட்டான். அங்கே ரிசப்ஷன் நடக்கிற ஹாலிலேயே பார் இருக்கும். எல்லாம் வீட்டார் கணக்கு என்றால் ஓபன் பார், குடிப்பவரே காசு கொடுத்தால் கேஷ் பார். ஆளுக்கு இவ்வளவு என்றோ, குடித்த அளவுக்கு என்றோ வீட்டார் பில் கட்டுவார்கள். பெயர்தான் புதுசு. வேலூர் ஹோட்டல் பாரிலும் இதே வழிகள்தான், இடம் மட்டும் மண்டபத்துக்கு வெளியே.

ஆளுக்கு இவ்வளவு என்று பேசினால் பில் முன்கூட்டியே தெரிந்துவிடும், நிம்மதி. ஆனால் 40 பேருக்குப் பேசி 29 பேர் வந்தாலும் 40 பேருக்குக் கட்ட வேண்டியிருக்கும். பாதிப் பேர் ஒரு பீரோடு எழுந்துவிடுகிற கூட்டத்துக்கு இது நஷ்டம். எத்தனை மணி நேரம், எந்தெந்த ரகம், சைடு டிஷ் எத்தனை முறை என்று எழுதி வாங்காமல் பேசாதீர்கள்.

குடித்த அளவுக்குப் பில் என்பதில்தான் நான் முதல் முறை மாட்டினேன். நண்பன் கல்யாணம், ஊரில் ஒரு ஹோட்டல். "மாப்பிள்ளை கணக்கு" என்று சொல்லிவிட்டு மண்டபத்துக்குப் போய்விட்டேன். 25,000 ஆகும் என்று மனக்கணக்கு. பத்து மணிக்கு வந்து பார்த்தால் பில் 41,000. சப்ளையரிடம் சண்டைக்குப் போனேன். அவர் பொறுமையாக, "நீங்கதான சார் மாப்பிள்ளை ஃப்ரெண்டு யாரு வந்தாலும் குடுன்னீங்க?" என்றார். ஓரத்து டேபிளில் வேறு யாருடைய பிறந்தநாளுக்கோ வந்திருந்த கூட்டமும் மாப்பிள்ளை ஃப்ரெண்டு ஆகியிருந்தது. அவர்களில் ஒருவர் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கி, "மாப்பிள்ளைக்கு வாழ்த்து சொல்லிடுங்க பிரதர்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

அதிலிருந்து நான் செய்வது இது. தனி அறை அல்லது தனி மூலை. பில் இதைத் தாண்டக் கூடாது என்று மூடித்தொகை ஒன்று, அதை மேனேஜரிடம் எழுதிக் கொடுப்பது. முக்கால்வாசி எட்டியதும் என் ஃபோனுக்குக் கூப்பிட வேண்டும். ஆர்டர் சொல்ல இரண்டே பேர், அந்த இருவரின் முகத்தையும் சப்ளையருக்குக் காட்டிவிட வேண்டும். அந்த இருவரில் ஒருவராவது குடிக்காதவராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூடித்தொகைக்கு அர்த்தமில்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது டோக்கன். ஆளுக்கு மூன்று. ஒரு பெக்குக்கு ஒன்று, பீருக்கும் ஒன்று என்று ஹோட்டலோடு பேசிக்கொள்ளலாம். 40 பேருக்கு 120 டோக்கன், அதற்கு மேல் பில் ஏறாது. பாரில் கொடுத்து வாங்கிய டோக்கனுக்கு மட்டும் காசு. யாருக்கும் 'போதும்டா' என்று சொல்லி முகம் சுளிக்க வேண்டியதில்லை, டோக்கனே சொல்லிவிடும். ஆனால் வெள்ளைத் தாளில் அடிக்காதீர்கள். என் இரண்டாவது சொதப்பல் அதுதான். நம் பசங்களில் ஒருவன் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் டோக்கனை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். இப்போதெல்லாம் கலர் அட்டையில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

அவரவர் கணக்கு என்று விடுவது நம் பக்கம் கொஞ்சம் சங்கடம். "கூப்ட்டு வச்சு பில்ல நீட்றியா?" என்று கேட்பார்கள், கேட்பதில் நியாயமும் இருக்கிறது. பத்திரிகை வைத்து அழைத்தவரிடம் காசு கேட்பது வேலூரில் எடுபடாது. பாதி வழி ஒன்று உண்டு: "ஒம்பது மணி வரைக்கும் நம்ம கணக்கு, அதுக்கப்புறம் அவங்கவங்க." இதை அங்கே வைத்துச் சொல்லக் கூடாது. முந்தின நாளே கூட்டத்துக்கு ஒருவராகப் பிடித்தீர்களே, அவர்கள் வாயால் சொல்ல வைக்க வேண்டும்.

எந்த வழியானாலும் ஹோட்டலில் மறக்காமல் கேட்க வேண்டியவை: உரிமம் பார் அறைக்கு மட்டுமா, பார்ட்டி ஹாலுக்கும் சேர்த்தா? கடைசி ஆர்டர் எத்தனை மணி? நாம் வாங்கிய பாட்டிலைக் கொண்டுவர விடுவார்களா என்று கேட்பவர்கள் உண்டு. விட மாட்டார்கள், கேட்காதீர்கள். பில்லில் சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி வரும். சரக்குக்கு ஜிஎஸ்டி கிடையாது, மாநில வரிதான். மொத்தத் தொகைக்கும் சேர்த்து ஜிஎஸ்டி போட்டிருந்தால் திருப்பிக் கொடுங்கள். இன்னொன்று, பில்லை வீங்க வைப்பது சைடு டிஷ். சில்லி சிக்கனும் முட்டைப் பொடிமாஸும் சரக்கைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். பந்தியில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னால் பில்லும் குறையும், மண்டபத்தில் பிரியாணியும் வீணாகாது.

வீட்டில் வைத்தால்

செலவு பாதிதான். டாஸ்மாக்கில் வாங்கி, சொந்த வீட்டு மொட்டை மாடியில் பாய் விரித்தால் போதும். 2024 பிப்ரவரியில் சாதாரண ரகக் குவாட்டர் 130-லிருந்து 140 ஆனது. வாங்கப்போகிற வாரம் கடை விலையைப் பார்த்துப் பட்ஜெட் போடுங்கள்.

ஆனால் ஒருவர் கைவசம் வைத்திருக்க அளவு உண்டு. பிராந்தி, விஸ்கி, ரம் வகை 4.5 லிட்டர், பீர் 7.8 லிட்டர், ஒயின் 9 லிட்டர். அதாவது ஆறு ஃபுல், பன்னிரண்டு பீர். மேலே போட்ட 40 பேர் கணக்கு இதைத் தாண்டிவிட்டது பாருங்கள். வீட்டுப் பார்ட்டி இருபது பேருக்கு மேல் ஒத்துவராது. வாங்கியதில் காசு வசூலித்து ஊற்றவும் கூடாது, அது விற்பனை. பங்கு போடுவதென்றால் வாங்குவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

காட்பாடியிலிருந்து சித்தூர் கூப்பிடு தூரம் என்பதால், "அந்தப் பக்கம் நல்ல சரக்கு கிடைக்கும், ரெண்டு பெட்டி தூக்கிட்டு வந்துர்லாம்" என்று ஒருவன் கிளம்புவான். அங்கே வாங்கியதை அனுமதியில்லாமல் இங்கே கொண்டுவருவது குற்றம். கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்டில் வண்டியை மடக்கினால் வண்டியும் போகும், கல்யாணத்துக்கு வந்த பையன் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பான்.

இன்னொரு ஆசை மிலிட்டரி ரம். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். நம் மாவட்டத்தில் எக்ஸ்-சர்வீஸ்மேன் மாமா இல்லாத சொந்தம் குறைவு. ராணுவக் கேன்டீனில் அவருக்குத் தருகிற கோட்டா அவர் குடிப்பதற்கு. அவராகப் பிரியப்பட்டு ஒரு பாட்டிலைத் திறந்து இரண்டு பேருக்கு ஊற்றினால் அது அவர் பாசம். ஊர் முழுக்க உள்ள மாமாக்களிடம் கார்டு வாங்கிப் பெட்டி சேர்ப்பதும், அதற்குக் காசு கொடுப்பதும் கேன்டீன் விதிக்கு விரோதம். கார்டு போனால் மாமாவுக்கு மளிகையும் சேர்ந்து போகும்.

வேலை செய்பவர்களின் 'கட்டிங்'

யாரும் பட்ஜெட்டில் எழுதாத செலவு இது. மேளக்காரர், பேண்டு செட், பந்தல், லைட் செட்டிங், சமையல் மாஸ்டரின் ஆட்கள் எல்லோரும் ஏதாவது ஒரு நேரத்தில் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நிற்பார்கள். "இன்னாண்ண, ஒண்ணும் இல்லியா?" இதற்குப் பாட்டிலாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பேட்டா என்று கவரில் போட்டு, ஆளுக்கு இவ்வளவு என்று தலைவரிடம் மொத்தமாகக் கொடுங்கள். குடிக்காதவரும் இருப்பார், அவர் வீட்டுக்குக் கொண்டுபோவார்.

முக்கியம் நேரம். வேலை முடிந்த பிறகுதான் கவர். சமையல்காரருக்கு முகூர்த்தப் பந்தி முடியாமல் கொடுக்கக் கூடாது. ராத்திரியே கொடுத்துவிட்டு, காலையில் பொங்கலில் இரண்டு முறை உப்புப் போட்டதைச் சாப்பிட்ட வீடு ஒன்று எங்கள் தெருவிலேயே இருக்கிறது. வேன் டிரைவருக்குக் கவர் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு.

வீடு போய்ச் சேரும் செலவு

இதையும் சரக்குப் பட்ஜெட்டிலேயே எழுதுங்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் காரில் வருகிற ஆபீஸ் செட்டுக்கு அன்றைக்கு ராத்திரி லாட்ஜில் இரண்டு ரூம், காட்பாடி ஜங்ஷன் போகிறவர்களுக்கு இரண்டு ஆட்டோ. குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால் முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், ஜெயிலும் உண்டு. அந்த ஒரு அபராதத்தில் இரண்டு ரூமும் வந்துவிடும். ஹைவேயில் ராத்திரி லாரிகளுக்கு நடுவே போகிறவனை நினைத்தால் பணக் கணக்கே மறந்துவிடும். சாவிகளை முதல் டோக்கன் கொடுக்கும்போதே வாங்கி வைத்துவிடுகிறேன். சாவி கொடுக்காதவனுக்கு டோக்கன் கிடையாது.

மறுநாள் தாலி கட்டி முடிந்த கையோடு கணக்கை ஒரு தாளில் எழுதி, மிச்சப் பணத்தோடு மாப்பிள்ளை கையில் கொடுத்துவிடுங்கள். அவர் அப்பாவிடம் கொடுக்காதீர்கள். அவருக்கு அந்த விஷயமே தெரியாது.